இருபத்து நான்கு கைநாட்டு

வஹீதுன்னிசா எந்தத் தாளையும் எடுத்தவுடன் படிப்பதில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். பிறகு கையெழுத்தின் ஓரத்தில் சுண்டுவிரலை வைத்துத் தேய்ப்பார். மை ஒட்டுகிறதா, எப்போது போட்ட கையெழுத்து என்று பார்க்க. அதற்கும் பிறகுதான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்குள் இறங்குவார். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவர்கள் அதுவரை தாங்கள் செய்யாத குற்றத்துக்கெல்லாம் வியர்த்துக்கொண்டிருப்பார்கள்.

சேலம் அஸ்தம்பட்டியில், ஏற்காடு போகும் சாலையில் உள்ள ஒரு வங்கிக் கிளையில் மூன்றாம் கவுண்டர் அவருடையது. வயது நாற்பத்து மூன்று. காஞ்ச மிளகாய் மாதிரி ஒடிசலான உடம்பு. சேலைத் தலைப்பை முக்காடாக இழுத்துக் காதுக்குப் பின்னால் செருகியிருப்பார். யார் என்ன சொன்னாலும் அவரிடமிருந்து வரும் பதில் ஒன்றுதான்: "இருக்கலாம். பாக்கலாம்." வாடிக்கையாளர் தன் பெயரைச் சொன்னாலும் அதே பதில்தான் என்று கிளையில் ஒரு பேச்சு உண்டு.

வீட்டிலும் இதே கதை. பால் வந்ததும் நகத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார். எலுமிச்சம்பழம் வாங்கினால் எண்ணியதை இன்னொரு முறை எண்ணுவார். பேருந்தில் டிக்கெட்டை வாங்கியவுடன் தேதியைப் பார்ப்பார். அவர் கணவர் பரக்கத் அலி லாரிகளுக்குத் தார்ப்பாய் விற்கும் கடை வைத்திருக்கிறார்; யாருக்கும் கடன் கொடுப்பார், யார் பேச்சையும் நம்புவார். "நிக்காஹ் அன்னிக்கு ஹஜ்ரத் எம் பேரச் சொன்னப்பவே இவ சரியான்னு தாளை எட்டிப் பாத்தாப்பா" என்பார் கடைக்கு வருகிறவர்களிடம். வஹீதுன்னிசா அதை மறுப்பதில்லை. உண்மையிலேயே பார்த்தார். இனிஷியல் தப்பாக எழுதியிருந்தது.

பிறவியிலேயே அவர் இப்படி இல்லை. எழுபத்து நான்கில் வாழப்பாடிக் கிளையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பணம் எடுக்கும் சீட்டு ஒன்றைப் பாஸ் செய்தார். எழுநூறு ரூபாய். கையெழுத்து அச்சாக இருந்தது. போலியாகப் போட்டு எடுத்தவன் கணக்குக்காரரின் தம்பி மகன். விசாரணை நடந்தது, இரண்டு வருட இன்கிரிமெண்ட் போனது. அது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. பணத்தை இழந்த அந்தக் கிழவர் வந்து கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சத்தம் போடவில்லை. "நீ பாத்துத்தானே கண்ணு குடுத்தே?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். பதிமூன்று வருடமாக வஹீதுன்னிசா அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எண்பத்தேழு செப்டம்பரில் அந்த மியூச்சுவல் ஃபண்டு திட்டம் வந்தது. பத்துப் பேர் பணத்தை ஒன்றாகச் சேர்த்து, விவரம் தெரிந்தவர்கள் நல்ல கம்பெனிப் பங்குகளாக வாங்கிப் போட்டு, லாபத்தைப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு. சேலத்தில் அதற்கு முன்னால் சீட்டு தெரியும், வட்டி தெரியும், தங்கம் தெரியும்; இது புதிது. விண்ணப்பங்களையும் பணத்தையும் வாங்கி அனுப்பும் வேலை இவருடைய கிளைக்கு வந்தது. மூன்றாம் கவுண்டரில் ஒரு அட்டை தொங்கியது. வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணியோடு முடிவு.

திட்டத்தின் விதிப் புத்தகத்தைக் கிளையில் முழுக்கப் படித்தவர் அவர் ஒருவர்தான். இரண்டு தடவை படித்தார். படித்ததும் சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை கோடிக்கு மேல் வாங்க மாட்டோம் என்கிறது ஒரு விதி. சிறு முதலீட்டாளருக்கென்று ஒதுக்கிய பங்கில் ஒரு ஆள் ஐயாயிரத்துக்கு மேல் போடக் கூடாது என்கிறது இன்னொன்று. ரொக்கம் கிடையாது, பணம் விண்ணப்பம் போடுகிறவரின் சொந்தக் கணக்கிலிருந்துதான் வர வேண்டும், டிராஃப்டு எடுத்தால் அது அவர் கணக்கிலிருந்துதான் எடுத்தது என்று வங்கி எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறது மூன்றாவது. பணம் வேண்டும் என்று கடை விரித்தவன் எதற்கு வாசலில் நின்று கையைக் குறுக்கே நீட்டுகிறான்?

திட்டத்தை விளக்க மதராஸிலிருந்து ஒரு இளம் அதிகாரி வந்தார். ஐந்து ரோடு பக்கம் ஒரு ஓட்டலின் மாடியில் கூட்டம். எல்லோரும் போண்டாவில் இருந்தபோது வஹீதுன்னிசா எழுந்து நின்றார்.

"சார், குடுக்கற பணத்த வேணாங்கறவங்கள நான் பாத்ததில்ல. இதுல என்ன இருக்கு?"

அந்த இளைஞர் தட்டைக் கீழே வைத்தார். "ஒண்ணுமில்லீங்க. நல்ல கம்பெனி பங்கு சந்தையில கொஞ்சந்தான் கிடைக்கும். அளவுக்கு மேல பணம் வாங்கிட்டா, அத எங்கயாவது போட்டாகணுமேன்னு கண்டதையும் அதிக வெலைக்கு வாங்கணும். முன்னாடி சேந்தவங்களுக்கும் சேத்து நட்டம்."

"சரி. ஆளுக்கு ஐயாயிரம்னு எதுக்கு?"

"அது வைக்கலேன்னா சின்னவங்களுக்குன்னு ஒதுக்கினத நாலு பெரிய ஆளுங்களே அள்ளிட்டுப் போயிடுவாங்க. அதோட, ஒரே ஆள்கிட்ட நெறைய இருந்து, அவர் ஒருநாள் மொத்தமா திருப்பிக் குடுன்னு வந்து நின்னா, அவருக்குக் குடுக்கறதுக்காக நல்ல பங்கையெல்லாம் கெடைச்ச வெலைக்கு வித்தாகணும். மிச்சம் இருக்கறவங்க கதி?"

"சொந்தக் கணக்கு?"

"யார் பேரோ அவங்க பணமா இருக்கணும். இல்லேன்னா நாளைக்கு 'பேருதான் அவருது, பணம் என்னுது'ன்னு ஒருத்தர் கேசு போடுவார். கணக்கில் காட்டாத பணமும் இந்த வழியா உள்ள வந்துடும்."

வஹீதுன்னிசா உட்கார்ந்தார். பதில் பொருந்தித்தான் இருந்தது. பொருந்தி வரும் பதில்கள்மீதுதான் அவருக்கு எப்போதும் கூடுதல் சந்தேகம். ஆனால் அன்றிலிருந்து அந்த மூன்று விதிகளையும் தன் வீட்டுச் சாவிக்கொத்து மாதிரி இடுப்பில் செருகிக்கொண்டார்.

கடைசி வாரத்துச் செவ்வாய்க்கிழமை ஏஜெண்ட் அர்த்தநாரி வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் மூன்று பேனா, வாய் நிறையச் சிரிப்பு. திருச்செங்கோடு முதல் ராசிபுரம் வரை அவரைத் தெரியாத, போர் போடும் ரிக் வண்டி முதலாளியோ கோழிப்பண்ணைக்காரரோ கிடையாது. கவுண்டரில் ஒரு கட்டு விண்ணப்பத்தை வைத்தார்.

"இருபத்து நாலு இருக்குங்க மேடம். எண்ணிக்கோங்க. நீங்க எப்படியும் எண்ணுவீங்க."

வஹீதுன்னிசா எண்ணினார். இருபத்து நான்கும் பெண்கள். இருபத்து நான்கும் கைநாட்டு. முகவரி எல்லாவற்றிலும் ஒன்றே: ராசிபுரம் சாலையில் கந்தப்பன் என்பவரின், ஜவ்வரிசி செய்யும் சேகோ ஃபாக்டரி. எழுதிய கை ஒன்று, பேனா ஒன்று. கூடவே பின் குத்தியிருந்த டிராஃப்டுகள் ராசிபுரத்தில் ஒரே நாளில் எடுத்தவை. எண்கள் ரயில் பெட்டிகள் மாதிரி வரிசையாக வந்தன. கைநாட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரேகைகளுக்குக் குறுக்கே கோடு கோடாகப் பழைய வெட்டுகள். காலை முதல் சாயங்காலம் வரை குச்சிக்கிழங்குக்கு, அதாவது மரவள்ளிக்கு, தோல் சீவுகிற கட்டைவிரல்கள்.

"நெசமான விரல்தான்" என்றார்.

"பின்னே? நானென்ன உருளைக்கிழங்குலயா முத்திரை குத்துனேன்?" அர்த்தநாரி சிரித்தார்.

"ஒரு நாளைக்கு என்ன கூலி இவங்களுக்கு?"

"எட்டு ரூவா, ஒம்பது ரூவா."

"ஆளுக்கு அஞ்சாயிரம் போடறாங்க."

"சேத்து வச்சிருப்பாங்க மேடம். பொம்பளைங்க சேமிக்கறது நமக்குத் தெரியுமா?"

"இருக்கலாம். பாக்கலாம். டிராஃப்டு அவங்கவங்க கணக்குலேர்ந்து எடுத்ததுன்னு ராசிபுரம் பேங்க்ல எழுதி வாங்கிட்டு வாங்க."

"கூலிக்காரங்களுக்கு ஏதுங்க அக்கவுண்டு?"

"அப்ப பணம் ஏது?"

அர்த்தநாரியின் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் மேலாளரின் அறைப்பக்கம் போயின.

அவர் போன பிறகு வஹீதுன்னிசா படிவங்களைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் வாரிசுதாரர் பெயர் எழுதும் கட்டம். முதல் படிவத்தில் வசந்தாமணி. இரண்டாவதில் வசந்தாமணி. மூன்றாவதிலும் நான்காவதிலும் வசந்தாமணி. அந்தப் பெயர் அவருக்குத் தெரியும். கந்தப்பனின் மனைவி. இதே கிளையில் அவர்களுக்கு நான்கு லட்சம் டெபாசிட் இருந்தது. மீதியை அவர் திருப்பவில்லை. ஒரே ஒரு படிவம் மட்டும் ஐயாயிரம் இல்லாமல் இரண்டாயிரமாக இருந்ததைக் கவனித்திருந்தார். "எல்லாம் ஒரே மாதிரி இருந்தா சந்தேகம் வரும்னு ஒண்ண மாத்தி வச்சிருக்கான், கெட்டிக்காரன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் மேலாளர் தங்கசாமி கூப்பிட்டார். நல்ல மனிதர், ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது, எதிலும் சத்தம் கூடாது அவருக்கு.

"மேடம், நாம வாங்கி அனுப்பறவங்கதானே? சரியில்லேன்னா மேல இருக்கறவங்க தள்ளட்டும். கந்தப்பன் டெபாசிட்டைத் தூக்கிட்டுப் போயிட்டா நான் பதில் சொல்லணும்."

"வாங்கிக்கறேன் சார். ஆனா ஒவ்வொண்ணு மேலயும் 'வங்கிச் சான்று இல்லை, ஒரே ஆள் பணம் என்று தெரிகிறது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்புவேன்."

தங்கசாமி நெற்றியைத் தேய்த்தார். இருபத்து நான்கு இடத்தில் அப்படி எழுதி அது வருமானவரி ஆபீஸ் வரை போனால் டெபாசிட் மட்டுமா போகும்? "எழுத வேண்டாம். திருப்பிக் குடுத்துடுங்க. அவங்களுக்கும் வம்பில்ல, நமக்கும் வம்பில்ல" என்றார். வஹீதுன்னிசா படிவங்களில் 'ஏற்கப்படவில்லை' என்று முத்திரை குத்தி, நூலால் கட்டி மேசை இழுப்பறையில் வைத்தார். வியாழக்கிழமை மூன்று மணிக்கு வந்து அர்த்தநாரி எடுத்துப் போவதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஒரு அம்மாள் வந்து கவுண்டர் முன் நின்றார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெளுத்த கண்டாங்கிச் சேலை, வெறும் காது, கையில் ஒரு மஞ்சள் பை. வரிசையில் நின்றுதான் வந்தார். ஆனால் நின்ற நேரமெல்லாம் கவுண்டருக்குப் பின்னால் யார் என்ன செய்கிறார்கள் என்று ஒவ்வொருவராக நோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கம்மா, இந்தப் பண்டுக்குக் காயிதம் வாங்கறது இங்கதானுங்க?"

"ஆமா."

"எம் பேரு சென்னியம்மாளுங்க. கந்தப்பன் மொதலாளி பேக்டரியில கெழங்கு தோலெடுக்கறேன். எம் பணத்த அவரு போட்டாரா இல்லியான்னு பாத்துச் சொல்லுங்க."

வஹீதுன்னிசா பேனாவை மூடினார். ஆளைச் சரிக்கட்டி அனுப்பியிருக்கிறார்கள் என்பதுதான் முதலில் தோன்றியது. அர்த்தநாரி இதைச் செய்யக்கூடியவர்தான்.

"யாரு அனுப்புனா உங்கள?"

"ஆரும் அனுப்பலீங்க. கூலி போனாப் போவுதுன்னு ஒரு நாள் லீவு போட்டுட்டு நானாத்தான் வந்தேன்."

"எவ்வளவு போட்டீங்க?"

"ரெண்டாயிரம்."

வஹீதுன்னிசாவின் கை மேசை இழுப்பறைப் பக்கம் போய் நின்றது. தொகையைக்கூடச் சொல்லிக் கொடுத்துத்தான் அனுப்பியிருப்பார்கள்.

"ரெண்டாயிரம் உங்களுக்கு ஏது?"

கேட்ட விதத்தில் சென்னியம்மாள் நிமிர்ந்தார். "எருமை வித்தேனுங்க. கன்னோட. மல்லூர்ச் சந்தையில. வாங்குனவன் பேரும் சொல்லட்டுங்களா?"

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். வஹீதுன்னிசா பக்கத்துக் கவுண்டருக்கு அவர்களைப் போகச் சொல்லிவிட்டு, சென்னியம்மாளை உள்ளே ஸ்டூலில் உட்கார வைத்தார். அந்த அம்மாள் ஸ்டூலின் ஓரத்தில், எழுந்து ஓட வசதியாக உட்கார்ந்தார்.

"நடந்தத மொதல்லேர்ந்து சொல்லுங்க."

"போன வாரம் கணக்குப்பிள்ளை எல்லாத்தையும் வரிசையா நிக்க வச்சு ரேகை வாங்குனாருங்க. ஆளுக்குப் பத்து ரூவா குடுத்தாரு. குப்பாயியெல்லாம் அன்னைக்கே ரவிக்கைத் துணி எடுத்துட்டா. நான் மட்டும் எதுக்குங்க சாமி இதுன்னு கேட்டேன். மொதலாளி ஒரு எடத்துல பணம் போடறாரு, அங்க ஒரு ஆளுக்கு இவ்வளவுதான்னு வச்சிருக்கான், அதனால உங்க பேர்லயெல்லாம் போடறோம்னாரு."

"ம்."

"நான் ஊட்டுக்குப் போயி ரோசனை பண்ணுனேன். இந்த மனுசன் ஒரு ரூவா கூலி ஏத்திக் கேட்டா ஒம்பது நாளு மொகத்தத் திருப்பிக்குவாரு. அப்பேர்ப்பட்டவரு, எடமில்லேன்னு சொன்ன எடத்துல இருவத்தி மூணு பொம்பளைங்க முந்தானைக்குள்ள பூந்து போயிப் பணம் போடறாருன்னா, அந்த எடம் நல்ல எடமாத்தானுங்க இருக்கோணும்?"

வஹீதுன்னிசாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். தன்னைப்போல் யோசிக்கிற ஒரு ஆளை இத்தனை வருடத்தில் முதல் தடவையாகப் பார்க்கிறார்.

"அதனால?"

"எம் பேருல எம் பணத்தப் போடுங்க, உங்க பணம் வேண்டாம்னு சொல்லிப் பத்து ரூவாயத் திருப்பிக் குடுத்துட்டேன். ரெண்டாயிரத்தக் கணக்குப்பிள்ளை எண்ணி வாங்கிக்கிட்டாரு. ரசீது கேட்டேன், வரும்னாரு. நாலு நாளாச்சு. எனக்குத் தூக்கம் புடிக்கலீங்க."

"வாரிசுன்னு யாரையாச்சும் எழுதச் சொன்னீங்களா?"

"பின்னே? எம் மவ செல்லாயி. ஜலகண்டாபுரத்துல கட்டிக் குடுத்திருக்குது."

வஹீதுன்னிசா நூலை அவிழ்த்தார். இரண்டாயிரம் ரூபாய் படிவம் பதினேழாவதாக இருந்தது. திருப்பினார். பின்பக்கக் கட்டத்தில், அதே பேனாவில், அதே கையெழுத்தில் 'செல்லாயி – மகள்' என்று இருந்தது. மீதி இருபத்து மூன்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பினார். இருபத்து மூன்றிலும் வசந்தாமணி.

செவ்வாய்க்கிழமை அவர் மை பார்த்தார், ரேகை பார்த்தார், டிராஃப்டு எண் பார்த்தார். கடைசி வரை திருப்பிப் பார்க்கவில்லை. வேறாக இருந்த ஒரு தொகை கண்ணில் பட்டும், அதையும் திருட்டுக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார். வாழப்பாடியில் பார்க்காமல் கொடுத்தார். இங்கே பார்க்காமல் மறுத்திருக்கிறார். அந்தக் கட்டைவிரலின் மீது 'ஏற்கப்படவில்லை' என்ற முத்திரை சிவப்பாக விழுந்திருந்தது. குத்தியது அவர் கைதான்.

"போட்டிருக்குதுங்களா?" என்றார் சென்னியம்மாள்.

"போட்டிருக்கு. ஆனா நாங்க வாங்கல."

"ஏன்?"

வஹீதுன்னிசா படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினார். "இந்த டிராஃப்ட எடுத்தது உங்க மொதலாளி. நாளைக்கு அவரு வந்து 'பேரு மட்டுந்தான் இவங்களுது, பணம் என்னுது, எடுத்த சீட்டு என்கிட்ட இருக்கு'ன்னா நீங்க என்ன சொல்வீங்க?"

"அதத்தானுங்க நானும் நாலு நாளா ரோசனை பண்ணிட்டிருக்கறேன்."

"அதுக்காகத்தான் அவங்கவங்க கணக்குலேர்ந்து வரணும்னு வச்சிருக்காங்க."

சென்னியம்மாள் அந்தச் சிவப்பு முத்திரையையே பார்த்தார். "நல்லதுதானுங்க. ஆனா கணக்கு இல்லாதவ என்ன பண்றது? மொதலாளியத் தடுக்கோணும்னு கட்டுன வேலி, எங்காலுலயுமில்ல குத்துது?"

மதராஸ் அதிகாரி இதற்குப் பதில் சொல்லியிருக்கவில்லை. வஹீதுன்னிசாவும் அவரைக் கேட்டிருக்கவில்லை.

"நாளைக்கு ரெண்டு மணி வரைக்கும் நேரம் இருக்கு" என்றார். "பணம் உங்க கைக்கு வரணும். வந்தா இங்கயே உங்க பேர்ல கணக்கு ஆரம்பிச்சு, அதுலேர்ந்து போடலாம். எதிர்ல ஸ்டுடியோ இருக்கு. இப்பவே போயி ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க. கைநாட்டுக் கணக்குக்கு போட்டோ வேணும்."

"மொதலாளி குடுப்பாருங்களா?"

"பாக்கலாம்."

மூன்று மணிக்கு அர்த்தநாரி வந்தார். வஹீதுன்னிசா கட்டை எடுத்து மேசையில் வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"இதுல ஒரு ஃபாரம் நெசமானது. சென்னியம்மாளுது. அவங்க ரெண்டாயிரம் நாளைக்குக் காலையில அவங்க கைக்கு ரொக்கமா வந்துடணும்."

"அது மொதலாளிக்கும் அந்தம்மாவுக்கும் உள்ள விசயம். எனக்கென்னங்க?"

"மிச்சம் இருபத்து மூணு மேல நான் இன்னும் ஒண்ணும் எழுதல. எழுத வேணாம்னு மேனேஜர் சொன்னாரு. நம்பர் எல்லாத்தையும் குறிச்சு வச்சிருக்கேன். நாளைக்கு இந்தம்மா வெறுங்கையோட வந்தா, வருமானவரி ஆபீசுக்கு எழுதிடுவேன்."

அர்த்தநாரியின் வாயிலிருந்து சிரிப்பு முதல் தடவையாக இறங்கியது. "மேடம், நீங்க இப்படிப் பேசுவீங்கன்னு நான் நெனைக்கல."

வஹீதுன்னிசாவும் நினைக்கவில்லை. எழுத வேண்டியதை எழுதுவது, கூடாததைத் திருப்புவது என்பதுதான் அவருக்குத் தெரிந்த வேலை. எழுதாமல் வைத்துக்கொண்டு பேரம் பேசுவது புதிது, வாயில் கசந்தது. அன்று வீட்டில் பரக்கத் அலி "என்ன, மொகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டபோது ஒன்றுமில்லை என்றார். பாலை நகத்தில் விட்டுப் பார்க்க மறந்துபோனார்.

வெள்ளிக்கிழமை கவுண்டரில் கூட்டம் கதவு வரை நின்றது. பத்தரை ஆயிற்று, பதினொன்றரை ஆயிற்று. வஹீதுன்னிசா ஒவ்வொரு படிவத்தையும் இப்போது திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், நடுநடுவே வாசலையும். தன் குறிப்பு நோட்டைத் திறந்து இருபத்து மூன்று எண்களையும் ஒரு முழுத்தாளில் வரிசையாக எழுதத் தொடங்கியபோது மணி பன்னிரண்டேகால்.

எட்டாவது எண்ணில் இருந்தபோது சென்னியம்மாள் வந்தார். மூச்சு வாங்கியது. மஞ்சள் பையிலிருந்து துணிமுடிச்சை எடுத்தார். எல்லாம் பத்து ரூபாய் நோட்டு, சில அழுக்கேறி ஒட்டிக்கிடந்தன.

"குடுத்துட்டாங்க. வேணும்னே சில்லறையாக் குடுத்தாங்க. மூணு தடவ எண்ணுனேன்."

"ஒண்ணும் சொல்லலையா?"

"நாளையிலேர்ந்து வராதேன்னுட்டாருங்க." புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பதினோரு வருசமா தோலெடுத்தேன். போச்சாது, உடுங்க. ஆத்தூர் ரோட்டுல இல்லாத பேக்டரியா? கத்தி என்கிட்டத்தான் இருக்குது."

கணக்கு ஆரம்பிக்கும் படிவத்தை வஹீதுன்னிசா நிரப்பினார். பெயர், ஊர், தொழில். புகைப்படத்தில் சென்னியம்மாள் கண்ணை மூடியிருந்தார். படத்தையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு ஒட்டினார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. 'இவரை எனக்கு நேரில் தெரியும் என உறுதி கூறுகிறேன்.' கிளையில் ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அங்கே கையெழுத்துப் போட வேண்டும். சேலத்தில் சென்னியம்மாளுக்கு யாரையும் தெரியாது.

"ஆரையாச்சும் கூட்டிட்டு வரோணுங்களா?" சென்னியம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு மணி பார்க்கத் தெரியுமோ என்னவோ, கூட்டத்தின் அவசரத்தைப் பார்க்கத் தெரிந்தது.

நேரில் தெரியும் என்றால் எவ்வளவு தெரியும்? நேற்றுப் பதினொரு மணியிலிருந்து தெரியும். சொந்தத் தம்பி ஒரு நண்பருக்காகக் கேட்டபோதுகூட அந்தக் கட்டத்தில் வஹீதுன்னிசா கையெழுத்துப் போட்டதில்லை. "எனக்குத் தெரியாதே, எப்படிப் போடறது?" என்று திருப்பி அனுப்பியவர். இப்போது தன் கணக்கு எண்ணை எழுதி, அதன் கீழே நிதானமாக முழுப் பெயரையும் போட்டார். சுண்டுவிரலை வைத்து மையைத் தேய்த்துப் பார்க்கவில்லை.

மேலாளர் தங்கசாமி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். தாளை வாங்கினார், அறிமுகம் செய்தவர் பெயரைப் படித்தார், வஹீதுன்னிசாவைப் பார்த்தார், தன் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தார். கணக்கில் பணம் ஏறியது. அதிலிருந்து பேங்கர்ஸ் செக் எடுத்தாயிற்று. புதுப் படிவத்தில் செல்லாயியின் பெயர் ஏறியது. எட்டு எண்களோடு நின்றுபோன தாளை வஹீதுன்னிசா நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். ஒன்றே முக்காலுக்குச் சென்னியம்மாள் தன் கட்டைவிரலை மைப்பெட்டியில் அழுத்தி, வெட்டுக் கோடுகளோடு தாளில் வைத்தார். மூன்று மாதம் கழித்து, பணம் அளவுக்கு மேல் குவிந்ததால் பெரிய முதலீட்டாளர்கள் பலருக்குக் கேட்டதில் பாதிகூடக் கிடைக்காமல் பணம் திரும்பி வந்தது. சிறு முதலீட்டாளர்களின் பங்கில் சென்னியம்மாளுக்கு முழுதும் கிடைத்தது. அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது.

வஹீதுன்னிசா ஒப்புகைச் சீட்டைக் கிழித்து நீட்டினார்.

"பத்திரம். உங்க பேரு, ரெண்டாயிரம், இன்னிக்குத் தேதி, எல்லாம் இதுல எழுதியிருக்கு."

சென்னியம்மாள் சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்படித்தான் எழுதியிருக்குங்களா?"

"அப்படித்தான்."

"சரிங்க. வாரேனுங்க சாமி."

வெளியே போனவர் பஸ் நிறுத்தத்துக்குப் போகவில்லை. வாசலில் காக்கிச் சட்டையோடு நின்றிருந்த ஒரு லாரி டிரைவரைக் கூப்பிட்டு, சீட்டை அவர் கையில் கொடுத்தார். அவர் படித்துச் சொன்னார். சென்னியம்மாள் தலையாட்டினார். சீட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு நாலடி தள்ளிப் போய், கையில் புத்தகங்களோடு நின்ற கல்லூரிப் பெண் ஒருத்தியிடம் அதை மறுபடி நீட்டினார்.

ஜன்னல் வழியாக வஹீதுன்னிசா பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் ஏழெட்டுக் கைகள் ஒரே சமயத்தில் படிவங்களை நீட்டின. அந்தப் பெண் கடைசி வரி வரை படித்து முடிக்கும் வரைக்கும், அவர் அடுத்த படிவத்தைக் கையில் வாங்கவில்லை.